சிற்றுயிர் வளர்ப்பும் அதன் பொறுப்பும்
பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளின் களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு பாடம்

உலகில் இதுகாறும் பெயரிடப்பட்ட பிராணி இனங்களுள் மிகப் பெரும்பாலானவை முதுகெலும்பில்லாதவை. பூச்சிகள், மரவட்டைகள், சிலந்திகள், நத்தைகள், மண்புழுக்கள் ஆகியன இவற்றுள் அடங்கும். உதிர்ந்த இலையை மண்ணாக்குவதும், மலரில் மகரந்தம் சேர்ப்பதும், பயிரை அழிப்பதும், அப்பயிரழிப்பனவற்றை அழிப்பதும் இவையே. எனினும் பள்ளிகளில் இவை பெரும்பாலும் படத்தில் மட்டுமே காட்டப்படுகின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2014ஆம் ஆண்டில் விலங்கியல் வகுப்புகளில் பிராணிகளை அறுத்துப் பார்ப்பதைத் தடை செய்தபின், உயிருள்ள பிராணியை வளர்த்து அதன் வாழ்க்கையைக் கவனித்தறியும் முறைக்கு முன்னிலும் அதிக மதிப்பு ஏற்பட்டுள்ளது. அண்மைக் காலத்தில் இச்சிற்றுயிர்களை வீட்டில் அழகுக்காக வளர்க்கும் பழக்கமும் பல நாடுகளில் பரவி, நம் நாட்டு நகரங்களையும் எட்டியுள்ளது.

வளர்ப்பு எளிது, செலவும் சிறிது. ஆயின் பெட்டியில் இடும் உயிர் எங்கிருந்து வந்தது, இறுதியில் எங்கே போகும் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை அறியாமல் வளர்ப்போர் தமக்கும் அண்டை நிலத்தார்க்கும் கேடு விளைவிக்கக்கூடும். இவ்வுண்மைக்கு நல்ல உதாரணமும் தீய உதாரணமும் பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய பகுதிகளிலேயே கிடைக்கின்றன. வளர்க்கும் முறைகளை முதலிலும், அவ்வுதாரணங்களைப் பின்னரும் இக்கட்டுரை விளக்கும்.

இரு வேறு சீதோஷ்ண நிலைகள்

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள இடைவெளியே பாலக்காட்டுக் கணவாய். வாளையாறு, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் ஆகிய எல்லை ஊர்கள் இக்கணவாயிலும் அதன் ஓரத்திலும் அமைந்தவை. குளிர்காலத்திலும் அதன் பின்னரும் கிழக்கிலிருந்து இக்கணவாய் வழியே வறண்ட காற்று வீசுகிறது. மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் உஷ்ணம் 40 டிகிரியை நெருங்குவதுண்டு.

இடுக்கி மாவட்டத்தின் நிலைமை வேறு. மூணாறு கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் சுற்றுப்புறத் தோட்டங்களில் ஜனவரி இரவுகளில் உறைபனி விழுவதும் உண்டு. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய எல்லை வாயில்களை அடுத்த ஏலமலைகள் ஆண்டின் பெரும்பகுதி ஈரமாக இருப்பவை. ஆனால் மறையூர், சின்னாறு பகுதி மலையின் மழை மறைவில் இருப்பதால் மாவட்டத்தின் பிற பகுதிகளை விட வறண்டது.

இவ்வேறுபாட்டை வளர்ப்போர் நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். சித்தூர் வட்டத்துப் பள்ளியில் ஒரே நாளில் காய்ந்துபோகும் பெட்டி, தேவிகுளத்துப் பள்ளியில் ஒரு வாரம் ஈரமாக இருக்கும். முன்னதில் பிராணிகள் வறட்சியால் மடியும். பின்னதில் பூஞ்சணத்தால் மடியும். ஆகவே வாரத்திற்கு இத்தனை முறை நீர் தெளிக்க வேண்டும் என்று பொதுவான விதி கூற இயலாது. மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

ஐசோப்பாடுகள்

பூந்தொட்டியையோ, ஈரக்கல்லையோ, மக்கும் மரக்கட்டையையோ புரட்டினால் அடியில் சாம்பல் நிறமான, தட்டையான சிற்றுயிர்கள் சிதறி ஓடுவதைக் காணலாம். ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட நீளமும், ஒன்றன்மேலொன்று படிந்த தகடுகள் போன்ற முதுகும் உடைய இவை ஐசோப்பாடுகள் எனப்படும். ஒத்த கால்களுடையவை என்பது இக்கிரேக்கச் சொல்லின் பொருள். இவை பூச்சிகள் அல்ல. நண்டும் இறாலும் சேர்ந்த வகுப்பைச் சார்ந்தவை. நீரை விட்டு முழுவதும் நிலத்தில் வாழக் கற்றுக்கொண்ட சில நண்டினத்தாருள் முதன்மையானவை. முதிர்ந்த ஐசோப்பாட்டுக்கு 7 இணைக் கால்கள் உண்டு. பூச்சிக்கு 3 இணை மட்டுமே என்பதால் கால்களை எண்ணியே மாணவர் வேறுபாட்டை அறியலாம்.

நீர்வாழ் முன்னோரின் அடையாளம் இவற்றின் உடலில் இன்னும் உள்ளது. வயிற்றின் அடிப்புறத்தில் உள்ள இலை போன்ற உறுப்புகளாலேயே இவை சுவாசிக்கின்றன. அவ்வுறுப்புகள் ஈரமாக இருந்தால்தான் பிராணவாயுவைக் கொள்ள முடியும். பூச்சிகளின் தோல்மேல் காணப்படும் மெழுகுப் பூச்சு இவற்றிற்கு இல்லை. அதனால் வறண்ட காற்றில் உடலின் நீர் விரைந்து வெளியேறும். பகலில் கல்லடியில் ஒளிவதும், கூட்டமாக ஒட்டிக்கிடப்பதும் நீரைக் காத்துக்கொள்ளும் உபாயங்களே.

பெட்டி அமைத்தல். சுமார் 30 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ள கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பெட்டி போதுமானது. மூடியில் துளைகள் இட்டு, அவற்றின்மேல் மெல்லிய வலையை உட்புறமாக ஒட்ட வேண்டும். அடியில் 5 சென்டிமீட்டர் உயரத்திற்குத் தோட்ட மண்ணும் மக்கிய இலையும் கலந்து பரப்பி, அதன்மேல் காய்ந்த இலைகளையும் மரப்பட்டைத் துண்டுகளையும் இட வேண்டும். பெட்டியின் ஒரு பாதியை மட்டும் நனைத்து மறுபாதியை உலர்ந்ததாக விட்டுவிடுதல் முக்கியமான விதி. பிராணி தனக்கு வேண்டிய ஈரத்தைத் தானே தேடி அடைய இது வழி செய்யும். வளர்ப்பவரின் கணிப்பில் சிறு தவறு நேர்ந்தாலும் உயிர்கள் பிழைக்கும்.

உணவு. பலா, மா, நாட்டு வாதுமை ஆகியவற்றின் உதிர்ந்த இலைகள் ஏற்றவை. தைல மரத்தின் இலைகளைத் தவிர்ப்பது நலம். தேயிலை, ஏலத் தோட்டங்களின் உள்ளே பொறுக்கிய இலைகளைப் பயன்படுத்தலாகாது. அத்தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்கடி தெளிக்கப்படுவதால், ஒரு கைப்பிடி இலையே பெட்டி முழுவதையும் அழித்துவிடக் கூடும். வாரம் ஒருமுறை காரட் அல்லது பூசணித் துண்டு சிறிது இடலாம். மறுநாள் எஞ்சியதை எடுத்துவிட வேண்டும். இவை தம் கழிவையும் மீண்டும் உண்ணும். இலையை முற்றிலும் சிதைக்க நுண்ணுயிர்களின் உதவி வேண்டியிருப்பதால், ஒருமுறை வெளிவந்ததை மறுபடி உண்பது இவற்றிற்கு இயல்பு.

ஓட்டின் உறுதிக்குச் சுண்ணச்சத்து இன்றியமையாதது. கழுவிக் காயவைத்துப் பொடித்த முட்டையோடு இதற்குச் சிறந்தது. கரும்பலகையில் எழுதும் கட்டி பெரும்பாலும் ஜிப்சத்தால் செய்யப்படுவதால் அதனை முட்டையோட்டுக்கு ஈடாகக் கொள்ளுதல் கூடாது. வெற்றிலைக்கு இடும் சுண்ணாம்பு காரமுடையது. அதனை ஒருபோதும் பெட்டியில் இடலாகாது.

தோலுரித்தல். ஐசோப்பாடு பூச்சிகளைப் போல ஒரே வீச்சில் தோலுரிப்பதில்லை. முதலில் உடலின் பின்பாதித் தோலும், ஓரிரு நாட்கள் கழித்து முன்பாதித் தோலும் கழலும். அந்த இடைக்காலத்தில் பாதி வெளுத்தும் பாதி கருத்தும் தோன்றும் பிராணியை நோயுற்றதென்று எண்ணி எடுத்தெறிதல் கூடாது. கழற்றிய தோலை அது பெரும்பாலும் தானே தின்று, சுண்ணச்சத்தை மீட்டுக்கொள்ளும்.

இனப்பெருக்கம். பெண் ஐசோப்பாட்டின் மார்பின் அடிப்புறத்தில் நீர் நிறைந்த ஒரு குஞ்சுப்பை உருவாகும். முட்டைகள் அதனுள்ளேயே பொரியும். இவ்வாறு நிலத்தில் வாழ்ந்தும் தன் குஞ்சுகளுக்கு மட்டும் ஒரு சிறு குளத்தைத் தாய் சுமந்து திரிகிறது எனலாம். உஷ்ண நிலைக்கேற்பச் சில வாரங்களில் வெளிவரும் வெண்ணிறக் குஞ்சுகளுக்கு 6 இணைக் கால்களே இருக்கும். ஏழாவது இணை பின்னரே தோன்றும். நல்ல நிலையில் 20 பிராணிகளைக் கொண்டு தொடங்கிய பெட்டி ஓராண்டுக்குள் நிறைந்துவிடும். அப்போது என்ன செய்வது என்பதைத் தொடங்கும் நாளிலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

சில சமயம் ஓர் ஐசோப்பாடு நீலமாகவோ ஊதா நிறமாகவோ ஒளிர்வதைக் காணலாம். இது அரிய அழகு வகை என்று மயங்குதல் கூடாது. இவ்வினத்தைத் தாக்கும் ஒருவகை வைரஸ் உடலில் நிறைந்து ஒளியைச் சிதறச் செய்வதே இந்நிறத்திற்குக் காரணம். அப்பிராணி விரைவில் இறக்கும். மனிதருக்கு இதனால் தீங்கில்லை. ஆயினும் அதனைத் தனியே பிரித்தல் அவசியம்.

கோடைக் காப்பு. பாலக்காட்டுப் பள்ளிகளில் மார்ச்சு முதல் மே வரை, பெட்டியை ஈரமணல் நிரப்பிய அகன்ற மண்தொட்டியினுள் வைத்து, மணலைத் தினமும் நனைத்துவரலாம். மண்பானையில் நீர் குளிர்வதற்குரிய காரணமே இங்கும் பயன்படுகிறது. மூணாற்றிலும் தேவிகுளத்திலும் காற்றுத்துளைகளை அதிகமாக்கி, நீரைக் குறைக்க வேண்டும். தோட்ட மண்ணில் இயல்பாக உள்ள மிகச் சிறிய வெண்ணிறத் துள்ளுப்பூச்சிகள் பூஞ்சணத்தைத் தின்பவை. அவற்றை அகற்ற வேண்டுவதில்லை.

உருளும் மரவட்டை

தொட்டால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஐசோப்பாடுகளும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் கோலிக்குண்டு அளவிலும் அதனினும் பெரிதாகவும் சுருளும் வேறொரு பிராணி உள்ளது. இது ஆர்த்ரோஸ்பீரா என்னும் மரவட்டை இனம், ஐசோப்பாடு அன்று. கால்களை எண்ணினால் இருபது இணைக்கு மேலிருக்கும். சுருண்ட நிலையில் பளபளப்பான கொட்டைபோலத் தோன்றுவதால் சிறுவர்கள் இதனை ஆவலுடன் எடுத்துவருவது வழக்கம்.

இம்மரவட்டை இந்தியாவின் தென்பகுதிக்கும் இலங்கைக்கும் உரியது. காட்டுத் தரையின் இலைக்குவியலை மண்ணாக்கும் பணியில் இதன் பங்கு பெரிது. மெல்ல வளர்வது, ஐசோப்பாட்டைப் போல விரைந்து பெருகுவதன்று. காட்டிலிருந்து எடுத்துவந்த ஒன்றிரண்டை வகுப்பறைப் பெட்டியில் வைத்தால் அவை சிலகாலம் உயிருடனிருந்து, இனம் பெருக்காமலே இறந்துவிடுவது மிகுதியும் நேரக்கூடியது. ஆகவே இதனைக் கண்ட இடத்திலேயே மாணவருக்குக் காட்டி, கால்களை எண்ணச் செய்து, மீண்டும் இலையடியில் விடுதல் முறையாகும்.

கரப்பான்கள்

வீட்டுக் கரப்பான் பூச்சி யாவரும் அறிந்ததே. அதன் பெண் ஒவ்வொரு முட்டைக்கூட்டிலும் 14 முதல் 16 வரை முட்டைகளை இட்டு, மறைவான இடத்தில் ஒட்டிவைக்கும். குஞ்சுகள் பொரிய ஒன்றரை முதல் இரண்டு மாதங்கள் ஆகலாம். அவை முதிர அரையாண்டு முதல் ஓராண்டுக்கு மேலும் ஆகும். புழுப்பருவமும் கூட்டுப்புழுப்பருவமும் இன்றிச் சிறுகச் சிறுகத் தோலுரித்து வளரும் குறை உருமாற்றத்தை விளக்க இதனினும் எளிய உதாரணம் இல்லை. கண்ணாடிச் சாடியின் உள்விளிம்பில் இரண்டு விரல் அகலத்திற்கு வாசலின் தடவினால் இவை ஏறி வெளிவர இயலாது. ஆயினும் வீட்டுக் கரப்பான் நோய்க்கிருமிகளைச் சுமப்பது. அதன் கழிவும் உதிர்ந்த தோலும் சிலருக்கு ஆஸ்துமாவைத் தூண்டும். இழுப்பு நோயுள்ள மாணவர் படிக்கும் அறையில் இதனை வைத்தலாகாது. சாடியைத் தொட்டபின் கைகளைச் சோப்பினால் கழுவ வேண்டும்.

கரப்பான்கள் அனைத்தும் வீட்டைச் சார்ந்தவை அல்ல. உலகில் அறியப்பட்ட 4,000க்கும் மேற்பட்ட இனங்களுள் மிகச் சிலவே மனிதர் குடியிருப்பை நாடுபவை. தென்னிந்தியப் புதர்க்காடுகளில் வாழும் தேரியா பெட்டிவெரியானா என்பது கரிய உடலில் வெண்புள்ளிகள் கொண்டது. வெண்புள்ளிகளையுடைய ஒருவகைத் தரைவண்டை ஒத்திருப்பதால் பகைவர் இதனை அணுகத் தயங்குவர் என்று கருதப்படுகிறது. இதன் இளம்பருவம் மண்ணுள் புதைந்து, மக்கும் இலையைத் தின்று வாழும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிற்றுயிர் வளர்ப்போர் இதனை விரும்பி வளர்க்கின்றனர். அது தோன்றிய நாட்டில் இதன் பெயரறிந்தவர் மிகக் குறைவு. தம் ஊர்ப் புதரில் இது உண்டா என்று தேடிப் பதிவு செய்தல் மாணவர்க்கு ஏற்ற பணி.

மற்றொன்றும் அறியத்தக்கது. தோட்ட மண்ணிலும் பூந்தொட்டிகளிலும் வாழும் சூரினாம் கரப்பான், ஆண் துணையின்றியே பெண் குட்டிகளை ஈனுவது. பெட்டியிலிருந்து ஒரே ஒரு பெண் தப்பினாலும் புதிய குடியிருப்பு ஒன்று தோன்றிவிடும். ஆணும் பெண்ணுமாக இரண்டு தப்பினால்தான் பெருகும் என்று எண்ணியிருத்தல் பெருந்தவறு. இதற்குப் பின்வரும் நத்தையின் வரலாறு சான்றாகும்.

தப்பிய நத்தை

ஆப்பிரிக்கப் பெருநத்தை கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு உரியது. மெல்லுடலிகளை ஆராய்ந்த வில்லியம் பென்சன் என்னும் ஆங்கிலேயர் 1847ஆம் ஆண்டில் மொரீஷியசிலிருந்து இதனைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். சௌரங்கிப் பகுதியின் தோட்டம் ஒன்றில் அது விடப்பட்டது. கொணர்ந்தவர் தீய எண்ணம் உடையவரல்லர். அழகிய ஓடுகளில் ஈடுபாடு கொண்ட அறிஞர். ஆயினும் அச்செயலின் விளைவு இன்றளவும் தீரவில்லை.

இந்நத்தை ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணும் ஆனது. ஒருமுறை கூடியபின் விந்தைப் பலநாள் உடலில் சேமித்துவைக்க வல்லது. ஒரு தடவையில் நூற்றுக்கணக்கான முட்டைகளை மண்ணில் இடும். வறட்சியில் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு பல மாதங்கள் உறங்கும். ஐந்நூறு வகைக்கும் மேற்பட்ட செடிகளைத் தின்னும்; ஓட்டுக்கு வேண்டிய சுண்ணச்சத்துக்காக வீட்டுச் சுவரையும் சுரண்டும். எலிகளின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் இளம்பருவத்தைச் சுமந்து, மனிதரின் மூளையுறையில் அழற்சி தோன்றவும் காரணமாகக்கூடும்.

கேரளத்தில் இந்நத்தை முதலில் பதிவானது பாலக்காட்டுப் பகுதியில். அது 1970களில் நிகழ்ந்தது. 2000ஆம் ஆண்டுக்குப்பின் மாநிலத்தின் பல மாவட்டங்களில் திரளாகத் தோன்றி, வாழை, மரவள்ளி, காய்கறி, ரப்பர் நாற்று ஆகியவற்றை அழித்தது. பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையம் இதன் பரவலை ஆராய்ந்து மக்களுக்கு அறிவுறுத்தி வருகிறது. நத்தை தானே நெடுந்தூரம் ஊர்ந்து செல்வதில்லை; மரத்தடிகள், நாற்றுப்பைகள், செங்கல், மணல் ஆகியவற்றோடு வண்டியேறியே செல்கிறது. ஆதலால் வாளையாறு, குமுளி போன்ற வாயில்கள் வழியாக நாற்றும் மண்ணும் கொண்டு செல்வோருக்கு இதனை எடுத்துரைப்பது களப்பணியாளரின் கடமைகளுள் ஒன்று.

இதனைக் கையுறையின்றித் தொடலாகாது. சேகரித்தவற்றை அடர்ந்த உப்புநீரில் இட்டுக் கொன்று, குழியில் புதைக்க வேண்டும். பள்ளியில் வளர்த்துக் காட்டும் எண்ணத்தை முற்றிலும் விடுத்தல் வேண்டும். ஓட்டினைக் கொதிநீரில் இட்டுத் தூய்மை செய்து காட்சிப்பொருளாக வைத்தால் போதுமானது.

முறையான வளர்ப்பினால் விளைந்த நன்மை

வளர்ப்பு என்பது கேட்டுக்கே வழி என்று எண்ணிவிடலாகாது. ஏலச்செடியின் வேரைத் தின்னும் ஒருவகை வண்டின் புழு இடுக்கி மலைகளில் பெருஞ்சேதம் விளைப்பது. ஆண்டில் இருமுறை வண்டுகள் வெளிவந்து முட்டையிடும். புழுக்கள் மண்ணுள் மறைந்திருப்பதால் மருந்து அவற்றை எட்டுவது அரிது. மண்ணில் ஊற்றும் மருந்தோ நீரோடையில் கலப்பதற்கு இடமுண்டு.

இப்புழுவிற்கு எதிராகப் பயன்படும் உயிர் ஒன்று பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் உள்ள கோயம்புத்தூர் மண்ணிலிருந்தே கண்டெடுக்கப்பட்டது. ஹெட்டரோராப்டைடிஸ் இண்டிகா என்னும் அந்நூற்புழு 1992ஆம் ஆண்டில் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. அதன் இளம்பருவம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளமே உடையது. மண்ணில் நகர்ந்து, பூச்சிப் புழுவின் உடலினுள் புகுந்து, தன் குடலில் சுமந்துவரும் பாக்டீரியாவை அங்கே விடுகிறது. பூச்சிப் புழு இரண்டு நாட்களில் மடிகிறது. இறந்த உடல் செங்கல் நிறமடையும். முழு இருட்டில் பார்த்தால் மங்கலாக ஒளிரும். அவ்வுடலினுள் நூற்புழுக்கள் பெருகி, பத்துப் பன்னிரண்டு நாட்களில் இலட்சத்திற்கும் மேற்பட்டவை வெளிவரக் கூடும்.

இதனைப் பெருக்குவதற்கு வேறொரு பூச்சியை வளர்க்க வேண்டும். தேன்கூட்டின் மெழுகைத் தின்னும் மெழுகு அந்துப்பூச்சியின் புழுவே அதற்கு உகந்தது. தவிடு, மாவு, தேன், கிளிசரின், ஈஸ்ட் ஆகியவற்றைக் கலந்த உணவில் இப்புழுவை வளர்ப்பர். இது மரத்தையும் மெல்லிய பிளாஸ்டிக்கையும் துளைத்துவிடும்; எனவே கண்ணாடி அல்லது உலோகக் கலமும் கம்பிவலை மூடியும் அவசியம். தேனீ வளர்ப்போர் இல்லத்தருகே இதனை வளர்த்தல் கூடாது. நூற்புழு தாக்கிய புழுக்களை ஈரத்தாளின்மேல் வைத்து, சுற்றிலும் சிறிது நீர் விட்டால், வெளிவரும் நூற்புழுக்கள் தாமே நீரில் இறங்கிச் சேரும். 1927ஆம் ஆண்டில் வைட் என்பவர் விவரித்த இவ்வெளிய முறை இன்றும் மாறவில்லை.

இடுக்கி மாவட்டம் மயிலாடும்பாறையில் 1978ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம், ஏலத்தின் வேர்ப்புழுவிற்கு எதிராக இந்நூற்புழுக்களைப் பரிசோதித்துள்ளது. நூற்புழு நிறைந்த மெழுகுப்புழு உடல்களைச் செடியடியில் ஈரமண்ணில் இடும் முறை தோட்டக்காரர் எளிதில் கையாளத்தக்கது. மண் ஈரமின்றி இருப்பின் நூற்புழு நகர இயலாது. ஆதலால் மழைக்குப்பின், வெயில் தாழ்ந்த வேளையில் இடுதல் வேண்டும். பூச்சிமருந்து ஊற்றிய உடனே இடுவதும் பயனற்றது.

வெளிநாட்டு உயிரைக் கொணர்ந்து நன்மை பெற்ற நிகழ்ச்சியும் உண்டு. 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி ஆகியவற்றைப் பாழாக்கியது. 2010ஆம் ஆண்டில் பெங்களூரிலிருந்த தேசிய நிறுவனம், போர்ட்டோரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்னும் மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்தது. முறையான அனுமதி பெற்று, காப்பறையில் வைத்து, வேறு உயிர்களுக்குத் தீங்கு செய்யுமா என்று ஆராய்ந்த பின்னரே அது வயல்களில் விடப்பட்டது. அதன்பின் மாவுப்பூச்சி கட்டுக்குள் வந்தது. 1847இல் வந்த நத்தையும் 2010இல் வந்த குளவியும் கடல் கடந்து வந்தவையே. குளவி தப்பினால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே ஆராய்ந்தனர். நத்தையைப் பற்றி யாரும் ஆராயவில்லை.

சட்டத்தின் நிலை

வெளிநாட்டிலிருந்து உயிருள்ள பூச்சி, நூற்புழு முதலியவற்றையும் மண்ணையும் கொணர, 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணைப்படி முன் அனுமதி வேண்டும். அழகுக்கென்று தாய்லாந்து முதலிய நாடுகளின் ஐசோப்பாடுகளையோ, தென்னமெரிக்கக் கரப்பான்களையோ அஞ்சலில் வரவழைப்பது சிறு விஷயமன்று என்பதை மாணவர்க்கு உணர்த்த வேண்டும்.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, சைலண்ட் வேலி, இரவிகுளம் ஆகிய தேசியப் பூங்காக்களிலும், பரம்பிக்குளம், சின்னாறு, பெரியாறு ஆகிய காப்பிடங்களிலும் உரிய அனுமதியின்றி எவ்வுயிரையும் எடுத்தல் குற்றம். மரப்பொந்துகளில் வாழும் பொயிசிலோதீரியா என்னும் பெருஞ்சிலந்தி இனங்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியவை. வெளிநாட்டு வளர்ப்போரிடையே இவற்றிற்கு மிகுந்த தேவை இருப்பதால், 2019ஆம் ஆண்டு முதல் சர்வதேச வாணிப ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இவை சேர்க்கப்பட்டுள்ளன. 2022ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட இந்தியச் சட்டமும் அவ்வொப்பந்தப் பட்டியல்களை ஏற்றுள்ளது. தோட்டத் தொழிலாளரிடம் அயலார் வந்து இச்சிலந்திகளுக்கு விலை கூறுவார்களாயின், அச்செய்தியை வனத்துறைக்குத் தெரிவித்தல் வேண்டும்.

வகுப்பில் செய்யத்தக்க பரிசோதனைகள்

1. ஈரமும் வறட்சியும்: ஒரு தட்டில் பாதிக்கு ஈரத்தாளும் பாதிக்கு உலர்ந்த தாளும் பரப்பி, 10 ஐசோப்பாடுகளை நடுவில் விடுக. மெல்லிய துணியால் மூடி, நிமிடத்திற்கு ஒருமுறை இருபுறத்திலும் உள்ளவற்றை எண்ணி, 15 நிமிடங்கள் பதிவு செய்க. வறண்ட பக்கத்தில் அவை விரைந்து ஓடுவதையும் ஈரப்பக்கத்தில் நிற்பதையும் காணலாம். 1937ஆம் ஆண்டில் கன் என்னும் ஆராய்ச்சியாளர் இவ்வியல்பை அளந்து வெளியிட்டார். பிராணி ஈரத்தை முன்கூட்டி அறிந்து அங்கே செல்கிறதா, அல்லது அங்கே சென்றபின் நிற்கிறதா என்று மாணவரை விவாதிக்கச் செய்க.

2. திரும்பும் திசை: அட்டையால் செய்த குறுகிய வழியில் ஐசோப்பாட்டை முதலில் வலப்புறம் திரும்பும்படி செய்து, பின் இருபுறமும் திறந்த முனையில் விடுக. பெரும்பாலும் அது இடப்புறம் திரும்பும். 20 முறை செய்து எண்ணிக்கையை எழுதுக.

3. இலை மண்ணாதல்: இரண்டு சாடிகளில் 10 கிராம் வீதம் ஒரே வகைக் காய்ந்த இலையை இடுக. ஒன்றில் மட்டும் 20 ஐசோப்பாடுகளை விடுக. நான்கு வாரம் கழித்து, எஞ்சிய இலையைக் காயவைத்து நிறுத்து, வேறுபாட்டைக் கணக்கிடுக.

மூன்றாவது பரிசோதனையைச் சித்தூரில் ஒரு பள்ளியும் தேவிகுளத்தில் ஒரு பள்ளியும் ஒரே வாரத்தில் தொடங்கி, முடிவுகளைக் கடிதத்தின் வாயிலாக ஒப்பிட்டால், சீதோஷ்ணத்திற்கும் இலை மக்குவதற்கும் உள்ள தொடர்பு தெளிவாக விளங்கும். ஒவ்வொரு பள்ளியும் தன் வளாகத்துப் பிராணிகளையே பயன்படுத்த வேண்டும். குறிப்பேடுகள் மலை ஏறி இறங்கினால் போதும். பிராணிகள் ஏறி இறங்க வேண்டுவதில்லை.

பதிவேடும் பெட்டியை முடிக்கும் முறையும்

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பதிவேடு இருத்தல் வேண்டும். எடுத்த இடம், நாள், எண்ணிக்கை, இறப்பு, பிறப்பு, இறுதியில் செய்தது ஆகியவற்றை அதில் எழுதிவர வேண்டும். இடம் எழுதப்படாத பிராணிக்கு விஞ்ஞான மதிப்பு இல்லை; திரும்ப விடுவதற்கு இடமும் இல்லை.

பள்ளி வளாகத்தில் எடுத்தவற்றை, நோய்க்குறி இல்லையெனில், எடுத்த அதே இடத்தில் விடலாம். எடுத்த இடம் அறியாதவற்றையும், அயலூரிலிருந்தோ கடையிலிருந்தோ வந்தவற்றையும் எங்கும் விடலாகாது. அவற்றை மூடிய கலத்தில் இரண்டு நாட்கள் உறைநிலைப் பெட்டியில் வைத்தால் வருத்தமின்றி இறக்கும். உறைபெட்டி இல்லாவிடத்துக் கொதிநீர் ஊற்றலாம். பெட்டியின் மண்ணில் முட்டைகள் தங்கியிருக்கக் கூடுமாதலால், மண்ணையும் இலையையும் கொதிநீரால் நனைத்த பின்னரே குப்பைக்குழியில் சேர்க்க வேண்டும். இரக்கத்தினால் அருகிலுள்ள ஓடைக்கரையிலோ தோட்டத்திலோ விடும் வழக்கமே மிகவும் அபாயமானது; விடப்படுவது ஓருயிர், ஆனால் அதன் சந்ததிக்குக் கணக்கில்லை.

விடுமுறை தொடங்குமுன் ஆசிரியர் பெட்டிகளைப் பார்வையிட்டு, கோடையில் நீர் தெளிப்பவர் யார் என்பதைப் பதிவேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். பொறுப்பேற்பவர் ஒருவரும் இல்லையெனில், அப்பெட்டியை மேற்கூறிய முறைப்படி அப்போதே முடித்துவிட்டு, பள்ளி திறந்தபின் புதிதாகத் தொடங்குவதே உயிர்களுக்கும் நன்மை, நிலத்திற்கும் நன்மை.